பாங்காக்குக்குக் குடிவரும் தம்பதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனைவிக்கு வேலை கிடைத்து, கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த குடும்பம் எங்களுடையது. மதுரையிலிருந்து பாங்காக் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறும், கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வேலை. கூட வருகிறவர் அங்கே என்ன செய்வது?

விசா, வாடகை, மளிகை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, போனை வைக்கப்போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. அதனால் இதையே முதலில் வைக்கிறேன்.

சட்டப்படி: வேலைக்கு வருகிறவருக்கு நான்-பி விசாவும் வொர்க் பர்மிட்டும். கூட வருகிற கணவனுக்கோ மனைவிக்கோ நான்-ஓ விசா. நான்-ஓ வைத்துக்கொண்டு இங்கே வேலை பார்க்கக் கூடாது. வொர்க் பர்மிட் இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டை விட்டும் அனுப்பிவிடுவார்கள். இந்திய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் 2024 ஜூலையில் வந்த டிடிவி விசாவை யோசிக்கலாம். ஐந்து ஆண்டு செல்லும், ஒரு தடவை வந்தால் 180 நாள் தங்கலாம். ஆனால் 5 லட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும்.

விசா கதை இவ்வளவுதான். நாள் எப்படிப் போகும் என்பது வேறு கதை. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு ஊருக்குத்தான் வந்து இறங்கினோம். அவளுக்கு முதல் நாளே அடையாள அட்டை, மேசை, மதியம் சேர்ந்து சாப்பிட நான்கு பேர், படிவம் நிரப்பித் தர ஒரு ஆள் என்று எல்லாம் தயாராக இருந்தது. எனக்கு ஒரு கதவு அட்டையும், பொத்தான்கள் முழுக்கத் தாய் எழுத்தில் இருந்த வாஷிங் மெஷினும். சாயங்காலம் அவள் நாளெல்லாம் பேசிக் களைத்து வருவாள். நான் நாளெல்லாம் பேசாமல் காத்திருப்பேன். "இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்பாள். எனக்கு அது கணக்குக் கேட்பதுபோல இருக்கும். முதல் மூன்று மாதச் சண்டைகளில் பாதி இந்தக் கேள்வியில் தொடங்கியவை. மிச்சப் பாதி மாமியார் வீட்டில் "மாப்பிள்ளை அங்கே என்ன பண்றார்?" என்று யாராவது விசாரித்த நாட்களில்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன ஏற்பாடு. வீட்டு ஓனரோடு பேசுவது, மின்கட்டணம், சந்தை, இமிக்ரேஷன் ஆபீஸ் எல்லாம் என் பொறுப்பு. போன் இணைப்பு என் பெயரில். தாய் மொழி வகுப்பு வாரம் மூன்று நாள். ஆறாவது மாதத்தில் அவள் ஆபீஸ் நண்பர்களை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போன இடத்தில், எனக்குத் தெரிந்த கடைக்கார அக்கா என்னைத்தான் விசாரித்தார். அன்றைக்குத்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்லலாம்.

கிளம்புமுன் என்ன காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்?

பதிவுத் திருமணச் சான்றிதழ். கோயில் ரசீதும் பத்திரிகையும் ஆல்பமும் செல்லாது. அதற்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதன்மேல் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரை. சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு) இருந்தால், அந்த அனுமதி வேண்டிய நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். எனக்கு என் அப்பா, அவளுக்கு அவள் அப்பா. கவுண்டரில் இருந்தவர் இரண்டு பாஸ்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இவர்கள் நிஜமாகவே கணவன் மனைவிதானா என்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தார். பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் ஏறியிருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், தாய்க்காரர்களும் நம்மைப்போலத்தான். 1913-ல் சட்டம் போட்டு ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைக்கச் சொன்னார்கள். இன்றைக்கும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல் பெயருக்கு முன்னால் 'குன்' போட்டால் மரியாதை. அதற்கும் மேல் எல்லோருக்கும் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு, ஆபீசிலும் அதையே புழங்குவார்கள். "உங்க வீட்டுப் பெயர் என்ன?" என்று கேட்டதும் என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே "குட்டி" என்றாள். அவர்கள் காதில் அது புத்த பிக்கு தங்கும் குடிலின் பெயர். இப்போதும் அவளைக் 'குன் குட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

90 நாள் ரிப்போர்ட், டிஎம் 30, ரீ-என்ட்ரி என்கிறார்களே, என்ன அது?

மூன்றும் வேறு வேறு. குழப்பிக்கொண்டால் காசு போகும்.

டிஎம் 30 என்பது, இந்த வீட்டில் ஒரு வெளிநாட்டுக்காரர் தங்கியிருக்கிறார் என்று வீட்டு ஓனர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. செய்ய வேண்டியவர் ஓனர், செய்யாவிட்டால் திண்டாடப்போவது நீங்கள். ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

90 நாள் ரிப்போர்ட் என்பது, தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள்ளேயே இருந்தால், இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன் என்று சொல்வது. கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை செய்யலாம். தவறினால் 2,000 பாட். நடுவில் வெளிநாடு போய்வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

ரீ-என்ட்ரி பர்மிட்தான் நாங்கள் சூடுபட்ட இடம். ஓராண்டு தங்க அனுமதி கையில் இருந்தாலும், இந்தப் பர்மிட் வாங்காமல் நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் அந்த அனுமதி அங்கேயே காலாவதி. ஒரு முறைக்கு 1,000 பாட், எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட். அவளுடையதை ஆபீசில் வாங்கிவிட்டார்கள். என்னுடையதும் சேர்ந்துதான் இருக்கும் என்று நானே முடிவுகட்டி, சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பறந்துவிட்டேன். திரும்பி வந்து இறங்கியபோது அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார், இன்னொரு தடவை புரட்டினார், அப்புறம் சாதாரணச் சுற்றுலாப்பயணிக்குப் போடும் முத்திரையைப் போட்டுக் கொடுத்தார். நான்-ஓ வேலை முழுவதும் முதலிலிருந்து. 1,000 பாட் மிச்சம் பிடிக்கப்போய் ஆன செலவை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். விமான நிலையத்திலேயே இதற்குக் கவுண்டர் உண்டு, அரைமணி முன்னால் போனால் போதும்.

இது தவிர, ஒவ்வொரு முறை நாட்டுக்குள் வரும்போதும் டிடிஏசி என்கிற வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் கட்டாயம். பயணத்துக்கு மூன்று நாளுக்குள் நிரப்பலாம், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி.

வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை என்பது வழக்கம். மின்கட்டணம் அரசு விகிதமா, கட்டட நிர்வாகம் வைத்த விகிதமா என்று கேளுங்கள். ஏப்ரலில் ஏசி ஓடும்போதுதான் அந்தக் கேள்வியின் அருமை தெரியும். பெரும்பாலான காண்டோக்களில் (அடுக்குமாடி வீடுகளில்) காஸ் அடுப்புக்கு அனுமதி இல்லை. சமையலறை என்று காட்டுவது ஒரு மின்னடுப்பும் கைக்குட்டை அளவு மேடையும்தான். தாளிக்கும்போது புகை எங்கே போகும் என்று யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் முதல் வீட்டில் மிளகாய் வற்றல் தாளித்த அன்றைக்கு ஒரு மாடி முழுக்கத் தும்மியது.

சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. ஆனால் இரண்டு சொல் தெரியாமல் வந்தால் ஏறக்குறைய அப்படித்தான்.

என் மனைவி சைவம், நான் கலப்பு. முதல் வாரம் தெருக்கடையில் 'பக் புங்' வாங்கினாள், நம் வள்ளைக்கீரைதான். பூண்டு, மிளகாய் போட்டுப் பெரிய தீயில் வதக்கித் தருவார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லித்தான் வாங்கினாள், இறைச்சி இல்லாமல்தான் வந்தது. ஆனால் அதில் 'நாம் ப்ளா' என்கிற மீன் சாறும், 'நாம் மான் ஹோய்' என்கிற சிப்பிச் சாறும் இருந்தன. அந்த அம்மா ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் அவை இறைச்சி கிடையாது, நமக்கு உப்பும் புளியும்போல. கறிக்குழம்பு விழுதுகளில் 'கபி' என்கிற இறால் விழுது இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும்.

ஆகவே அந்த இரண்டு சொல். 'ஜே' என்றால் சீன வழிச் சைவம்: முட்டை, பால் கிடையாது, வெங்காயம், பூண்டுகூட கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பறந்தால் அது ஜே கடை. 'மங்ஸவிரட்' என்றால் சைவம், முட்டையும் பாலும் இருக்கலாம். நம் ஆட்களுக்கு ஜே என்று சொல்வதே பத்திரம். 'மை சை' என்றால் போடாதீர்கள். 'மை சை நாம் ப்ளா' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒன்பது நாள் ஊரே மஞ்சள் கொடி கட்டும். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் முதல் ஒன்பது நாள் ஜே திருவிழா. பெரும்பாலும் நம் நவராத்திரியோடு அப்படியே ஒத்துவரும். கொலு வைத்துவிட்டுக் கீழே இறங்கினால் எல்லாக் கடையிலும் சைவம். அந்த ஒன்பது நாளும் என் மனைவி மெனு கார்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படிப்பாள்.

நம் சாமான் கிடைக்குமா?

உளுந்து, இட்லி அரிசி, பெருங்காயம், அப்பளத்துக்குப் பஹுரட் என்ற இந்தியக் கடைப்பகுதி. சாம் யோட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். சீக்கியக் குருத்வாராவைச் சுற்றித் துணிக்கடைகளும் மளிகைக் கடைகளும். சீலோம் மாரியம்மன் கோயில் பக்கமும் பூ, பூஜைச் சாமான் கிடைக்கும்.

ஆனால் நான் சொல்வது, அங்கே மாதம் ஒருமுறை போனால் போதும். மற்ற நாட்களில் உங்கள் தெருமுனைச் சந்தைக்குப் போங்கள். தேங்காயைத் துருவிக் கண்ணெதிரில் பால் பிழிந்து தருவார்கள். வாழைப்பூ உண்டு, முருங்கைக்காய் உண்டு, கொத்தமல்லியை வேரோடு விற்பார்கள். பெரிய அதிசயம், பச்சைக் கறியில் மிதக்கும் குட்டிக் குட்டிக் காய். முதல் தடவை பட்டாணி என்று நினைத்துக் கடித்தேன், கசந்தது. நம் சுண்டைக்காய்! கோவைக்காய்க் கொடியின் இலையை 'தம்லுங்' என்று கட்டுக்கட்டாக விற்கிறார்கள், தெளிந்த சூப்பில் போடுவார்கள். நாம் காயைத் தின்கிறோம், அவர்கள் கீரையைத் தின்கிறார்கள். அகத்திப் பூவைப் புளிக்குழம்பில் போடுவார்கள். அகத்திக்கீரை தின்று வளர்ந்தும் பூவைச் சமைத்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "அதை அங்கேயும் விற்கிறாங்களா?" என்றவர் அடுத்த கேள்வியாக "கட்டு எவ்வளவு?" என்றார்.

மொழி கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. ஆனால் வீட்டில் இருக்கிறவர் கற்றுக்கொள்ளாமல் இருந்தால் அவருக்கு நாள் நகராது.

நமக்கு ஒரு வசதி, ஒரு சங்கடம். வசதி, பாலியும் சம்ஸ்கிருதமும் வழியாகப் போன சொற்கள்: சாப்பாடு 'ஆஹான்', மொழி 'பாஸா', நேரம் 'வேலா', ஊர்ப்பெயர்களில் 'நகோன்'. ஆஹாரம், பாஷை, வேளை, நகரம் என்று உடனே பிடிபடும். மனைவிக்கு 'பன்ரயா', அதாவது பாரியாள். கணவனுக்கு 'சாமி'! வகுப்பில் அந்தப் பாடம் வந்த அன்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "சரி சாமி, குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடு" என்றாள்.

சங்கடம், ஐந்து தொனிகள். 'க்லை' என்பதைச் சமமாக இழுத்தால் தூரம், மேலிருந்து கீழே இறக்கினால் பக்கம். வழி கேட்கும் எவருக்கும் இதைவிட ஆபத்தான ஜோடி கிடையாது. நான் 'பக்கம்தான்' என்று புரிந்துகொண்டு மே மாத வெயிலில் நடந்த தூரத்தை இப்போது நினைத்தாலும் தாகம் எடுக்கிறது.

நேரம், தேதியில் ஏதோ குழப்பம் இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆண்டு புத்த சகாப்தம், நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 2025 அவர்களுக்கு 2568. மருந்துப் பட்டையில் காலாவதி ஆண்டைப் பார்த்துவிட்டு, இது நம்மைவிட அதிக நாள் இருக்கும்போல என்று நினைக்க வேண்டாம்.

பேச்சில் நேரத்தை நம் ஜாமக் கணக்குப்போலப் பிரிக்கிறார்கள். இரவு ஏழு மணியிலிருந்து 'தும்' கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்தக் காலத்து இரவு முரசின் ஒலிதான் அந்தச் சொல் என்பார்கள். வீட்டு ஓனர் அம்மா ஒப்பந்தம் கையெழுத்துப் போட 'சோங் தும்' வருகிறேன் என்றார். சோங் என்றால் இரண்டு, வகுப்பில் அதுவரைதான் வந்திருந்தோம். இரண்டு மணிக்குச் சட்டையை இன் செய்துகொண்டு உட்கார்ந்தேன். மூன்று ஆனது, ஐந்து ஆனது. மனைவி ஆபீசிலிருந்து வந்து, சமைத்து, சாப்பிட உட்காரும் நேரத்தில், சரியாக எட்டு மணிக்கு, ஒரு பை மாம்பழத்தோடு அந்த அம்மா சிரித்துக்கொண்டே வந்து நின்றார். சோங் தும் என்றால் இரவு எட்டு. 'பாய் சோங்' என்றால்தான் மதியம் இரண்டு.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது?

1999-ல் வந்த பிடிஎஸ் வான்ரயில், 2004-ல் வந்த எம்ஆர்டி மெட்ரோ, சாவ் ப்ரயா ஆற்றுப் படகு, சேன் சேப் கால்வாய்ப் படகு. கார் தேவையில்லை. சந்து முனையில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள், ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றே ஒன்று: சந்துக்குச் 'சோய்' என்று பெயர். சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை எண். இரண்டு பக்கமும் சேர்ந்து போகாது. சுகும்விட் சாலையில் 63-ம் சோய்க்கு எதிரே இருப்பது 42-ம் சோய். 62-ஐ எதிர்ப்பக்கம் தேடாதீர்கள்.

உடம்புக்கு வந்தால்?

வேலை பார்க்கிறவருக்குச் சமூகக் காப்பீடு உண்டு, குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அது அவருக்கு மட்டும். கூட வந்தவருக்குக் கிடையாது. தனியார் மருத்துவமனைகள் மிக நல்லவை, பில்லும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். வேலை ஒப்பந்தம் பேசும்போதே துணைக்கும் காப்பீடு உண்டா என்று கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். ஆம்புலன்ஸ் 1669, போலீஸ் 191, சுற்றுலா போலீஸ் 1155. டெங்கு உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் புகை மண்டும், ஆஸ்துமா இருந்தால் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள்.

எதைச் செய்யக் கூடாது?

அரச குடும்பத்தைப் பற்றி நக்கல், விமர்சனம், மீம் எதுவும் வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112-ம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. பாட் நோட்டு பறந்தால் காலால் மிதித்து நிறுத்துகிற நம் வழக்கமும் கூடாது, அதில் மன்னர் படம் இருக்கிறது. இ-சிகரெட்டுக்குத் தடை. பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது. தலையைத் தொடுவது, காலால் சுட்டுவது கூடாது. இதெல்லாம் நமக்கே தெரிந்தவை.

காலை எட்டு, மாலை ஆறு மணிக்குத் தேசிய கீதம். முதல் மாதம் லும்பினி பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று எதிரே வந்தவர், பக்கத்தில் போனவர், வடை சுடுவதுபோல எதையோ பொரித்துக்கொண்டிருந்தவர் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அசைந்தது நானும் குளத்தோரம் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய உடும்பும்தான். நீங்களும் நின்றுவிடுங்கள், ஒரு நிமிடம்தான்.

கோயில், பண்டிகை?

சீலோம் மாரியம்மன் கோயில் 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்களுக்கு அது 'வாட் கேக்'. 'கேக்' என்றால் விருந்தாளி, பேச்சு வழக்கில் இந்தியர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்கிறவர் குரலைப் பொறுத்து அது மரியாதையாகவும் இருக்கும், உறுத்தவும் செய்யும். நான் சண்டை போடுவதில்லை. விஜயதசமி இரவில் சீலோம் சாலையை மூடி அம்மன் ஊர்வலம் வரும், கூட்டத்தில் நம்மைவிடத் தாய்க்காரர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, பெரிய ஊஞ்சல் என்று பெயர்பெற்ற சாவ் சிங் சாவுக்குப் பக்கத்தில் 1784-ல் கட்டிய தேவஸ்தான் கோயில். அரசவைப் பிராமணர்களுடையது. மார்கழியை ஒட்டி அங்கே நடக்கும் சடங்குக்குப் பெயர் 'த்ரியம்பவை'. திருவெம்பாவைதான்! நம் பாவைப் பாடல்களை, பொருள் மறந்துபோன பிறகும், தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக ஓதிவந்திருக்கிறார்கள். உயரத்தில் ஊஞ்சலாடும் சடங்கு மட்டும் 1935-க்குப் பிறகு இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் ஒரு சொல்கூடப் பிடிபடாது, ராகம் மாறி, உச்சரிப்பு மாறி எங்கோ போய்விட்டது. இருந்தாலும் ஒருமுறை போய் நில்லுங்கள்.

ஏப்ரல் 13 முதல் 15 சோங்க்ரான், நம் சித்திரை ஒன்றை ஒட்டி வரும். வெளியே போனால் நனையாமல் திரும்ப முடியாது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

பக்கத்து நாடுகளுக்குச் சேர்ந்து பயணம் போகலாமா?

போகத்தான் வேண்டும். ஆனால் ஆபீஸில் மற்ற நாட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை நினைத்துச் சனிக்கிழமை பறப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் பாஸ்போர்ட்டுக்குத் திட்டமிட வேண்டும். வியட்நாமுக்கு இ-விசா, 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள், ஒரு முறை நுழைய 25 டாலர். மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது, இப்போதைய அறிவிப்பு 2026 இறுதிவரை. கம்போடியாவுடனான தரை எல்லை 2025 மோதலில் மூடப்பட்டது. அங்கோர் வாட் போக நினைத்தால் எல்லை நிலவரத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எங்கே போனாலும் ரீ-என்ட்ரி பர்மிட். மறுபடி சொல்கிறேன், ரீ-என்ட்ரி பர்மிட்.

முதல் பயணத்துக்கு விமானம் வேண்டாம், ரயிலில் போங்கள். சியாங் மாய்க்கு இரவு ரயில், 751 கிலோமீட்டர். நீண்டதூர ரயில்கள் பெரும்பாலானவை 2023 ஜனவரி முதல் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை, புதிய க்ருங் தேப் அபிவட் நிலையத்திலிருந்துதான். நாங்கள் பழைய நிலையத்துக்குப் போய் நின்று, டாக்ஸிக்காரர் புண்ணியத்தில் ரயிலைப் பிடித்தோம். கீழ் பெர்த் அகலம், விலையும் கூடுதல். வடக்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல் எரிக்கும் புகை, அப்போது போக வேண்டாம். இன்னும் தூரம் போக ஆசையென்றால் ரயிலிலேயே லாவோஸ் தலைநகர் வியந்தியன் போய், 2021 டிசம்பரில் திறந்த சீன-லாவோஸ் ரயிலில் இரண்டு மணி நேரத்தில் லுவாங் ப்ரபாங் சேரலாம்.

தமிழர் எவரும் தவறவிடக் கூடாதது காஞ்சனபுரி. தோன்புரி நிலையத்திலிருந்து சாதாரண ரயில், வெளிநாட்டவருக்கு 100 பாட், ஏசி கிடையாது. அது போகிற பாதையின் பிற்பகுதிதான் 1942-43-ல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா மரண ரயில்பாதையின் மிச்சம். மொத்த நீளம் 415 கிலோமீட்டர். 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் செத்தார்கள். அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள். ஊருக்குள் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது: வெட்டிய புல், ஏறக்குறைய 7,000 கல், பெரும்பாலானவற்றில் பெயர், வயது. நாங்கள் இரண்டு வரிசை படித்துக்கொண்டே நடந்தோம். மூன்றாவது வரிசையில் அவள், "நம்ம ஆளுங்க பேரு எங்கே?" என்று கேட்டாள். அந்தத் தோட்டத்தில் இல்லை. தாம் க்ரசே என்ற இடத்தில் பாறையை ஒட்டி மரப்பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது பயணிகள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை.

பயணத்தில் சண்டை வருகிறதே?

வரும். வாரம் முழுக்க வெளியே இருந்தவருக்கு விடுமுறையில் அறையில் தூங்க வேண்டும், வாரம் முழுக்க வீட்டில் இருந்தவருக்கு ஊர் சுற்ற வேண்டும். நாங்கள் ஒரு பயணத்தை அவளும் அடுத்ததை நானும் என்று மாற்றி மாற்றித் திட்டம் போடுகிறோம். அவள் திட்டமிட்ட பயணங்களில் காலை ஒன்பது மணிக்கு முன் எதுவும் நடக்காது.

பெற்றோரைக் கூட்டிவரலாமா?

தாராளமாக. நவம்பர் முதல் ஜனவரிக்குள் வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் நவம்பரில் வரும் பௌர்ணமியன்று லோய் க்ரதோங் பார்க்கலாம், வாழைத்தண்டு வட்டத்தில் பூவும் விளக்கும் வைத்து ஆற்றில் விடுவார்கள். என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கார்த்திகைதான்" என்று பக்கத்தில் நின்ற தாய்க்காரருக்குத் தமிழிலேயே விளக்கினார். அவரும் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்.

வரும்போது என்னென்ன எடுத்துவர வேண்டும்?

மிக்ஸி. இங்கே 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அப்படியே ஓடும். நம் மூன்று முள் பிளக் மட்டும் இங்கே நுழையாது, மாற்றி வாங்கிக்கொள்ளலாம். இட்லித் தட்டு, பிரஷர் குக்கர், டபரா டம்ளர். மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்து இருந்தால் முன்கூட்டியே அனுமதி விதிகளைப் பாருங்கள். கறிவேப்பிலைக் கன்றை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவர நினைக்காதீர்கள், செடிக்குத் தனி அனுமதி வேண்டும்.

குக்கர் கேஸ்கட் இரண்டு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். பஹுரட்டில் அளவு சொல்லிக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றில்லை.